மாடசாமிக்கு முன் சீட்டு

வண்டிப்பெரியாருக்கு மேலே ஊசிக்கல் எஸ்டேட்டில் போய் பாண்டீஸ்வரன் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. "யாரு, பாதி பாண்டியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அப்புறம்தான் வழி சொல்வார்கள். ஆள் முழுசாகத்தான் இருப்பார். ஐம்பது வயது, தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர், காதில் எந்நேரமும் ஒரு பென்சில். எதைக் கையில் கொடுத்தாலும் கழற்றிவிடுவார். அவர் கழற்றுகிற அழகைப் பார்க்க லயத்து வரிசைவீடுகளின் சனம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கும். திரும்ப மாட்டுவதுதான் நடக்காத காரியம். பாதி மாட்டும்போதே இதை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று ஒரு யோசனை வரும். யோசனைக்கு ஒரு சாமான் வேண்டும். சாமான் வாங்க வண்டிப்பெரியார் போனால், அந்தக் கடையில் வேறொன்று பழுதாகிக் கிடக்கும். மனுஷன் அங்கேயே உட்கார்ந்து அதைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

ஃபேக்டரியில் மட்டும் இந்தக் கூத்து கிடையாது, அங்கே தலைமாட்டில் மேஸ்திரி நிற்பார். வீட்டில் நிற்பதற்கு முருகேஸ்வரிக்கு நேரமில்லை. காலையில் கொழுந்து எடுக்கப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். திரும்பும்போது மிக்ஸி ஒரு மூலையிலும் அதன் மோட்டார் இன்னொரு மூலையிலும் இருக்கும். அந்த மிக்ஸி நாலு வருஷமாக அப்படியே இருக்கிறது. அண்டை வீட்டார் கொடுத்த மூன்று ஃபேன்கள் இறக்கை இல்லாமல் பரணில் தூங்குகின்றன.

"நல்லவேளை, தாலி கட்டயில மிச்ச ரெண்டு முடிச்ச நாத்தனா போட்டா. இல்லாட்டி என் கல்யாணமும் பாதியிலதான் நின்னிருக்கும்" என்று அவள் சொல்லும்போது கூட்டத்தோடு சேர்ந்து பாண்டீஸ்வரனும் சிரிப்பார். ஆனால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் அன்று சோறு சரியாக இறங்காது. ஒரே ஒரு சாமானையாவது முழுசாக முடித்து, நாலு பேர் முன்னால் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வெளியில் சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

போன வருஷம் ஆடிக் காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து மாடசாமி கோவில் கூரையில் விழுந்தது. கோவில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆறாம் நம்பர் தேயிலைக்காட்டின் ஓரத்தில் நாலு கல்தூண், மேலே வளைந்த பலகைக் கூரை, உள்ளே ஒரு பீடம், அவ்வளவுதான். பீடத்துக்கு முன்னால் மூன்று இதழ் வைத்த பித்தளைச் சக்கரம் ஒன்று நட்டிருக்கும். அது மாடனின் ஆயுதம். வெள்ளிதோறும் இதழுக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம் குத்துவார்கள். விளக்கில் மிஞ்சிய நல்லெண்ணெயைக் கூரையின் உள்ளும் புறமும் தடவிவிடுவார்கள். கூரையிலும் மாடன் உண்டு என்பது ஊசிக்கல்லின் நம்பிக்கை. துரை காலத்திலிருந்து அறுபது வருஷத்து எண்ணெய். அதற்கு மேல் மஞ்சள், சந்தனம், திருவிழாவுக்கு ஒரு கோட் பெயிண்ட்.

கூரை உடைந்துவிட்டதா என்று பார்க்க பூசாரி கருத்தப்பாண்டி வேறு வழியில்லாமல் பாண்டீஸ்வரனைத்தான் கூப்பிட்டார். "பாக்க மட்டும் செய்யணும். கழத்தப்படாது" என்று மூன்று தடவை சொல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பாண்டீஸ்வரன் மேலே ஏறி உளியால் கொஞ்சம் சுரண்டினார். பச்சைப் பெயிண்ட் வந்தது, அப்புறம் நீலம், அப்புறம் அரை அங்குல எண்ணெய்ப் பிசின். அதற்கும் கீழே ரத்தச் சிவப்பில் ஒரு மரம், நேற்று இழைத்தது மாதிரி. பலகைக்குப் பலகை ஊசி போகிற இடைவெளி இல்லை. ஒரே வரிசையில் பித்தளைத் திருகுகள், தலை மட்டமாக. கூரைக்கு எந்த ஆசாரி பித்தளைத் திருகு போடுவான்? பாண்டீஸ்வரன் உளியை இடுப்பில் செருகினார். இறங்கி வந்து, அந்தக் கோவிலில் அதுவரை எவரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்.

அறுபது வருஷமாகக் குனிந்து நுழைந்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, குனிந்தே வெளியே வந்த சனம். எண்ணெய் தடவுகிறவர்கூடக் குனிந்த தலையோடு கையை மட்டும்தான் உயர்த்துவார். மேலே பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்னும் நன்றாகப் பார்க்க அவர் பீடத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்துவிட்டார். விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்கள், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளக் கட்டை, ஒரு ஓரத்தில் தண்டு போகிற ஓட்டை. அந்த ஓட்டையில் கயிறு விட்டுத்தான் கோவில் மணியைக் கட்டியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மூக்கம்மாள் வந்துவிட்டார். கருத்தப்பாண்டியின் அக்கா, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், கொடைத் திருவிழா நாளில் மாடசாமி இறங்குவது இவர் மேல்தான். மற்ற நாளிலும் பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்காது.

"என்னப்பா, சாமி முன்னாடி மல்லாந்து கெடக்க? நெஞ்சு வலியா?"

"அக்கா, இது கூரை இல்லக்கா. படகு. கவுத்து வச்சிருக்காங்க. மோட்டார் வச்ச படகு. நீங்க எலுமிச்சம்பழம் குத்துறீங்கள்ல, அதுதான் தண்ணியத் தள்ளுற விசிறி."

மூக்கம்மாள் சக்கரத்தைப் பார்த்தார், பாண்டீஸ்வரனைப் பார்த்தார். "எந்திரிச்சு வீட்டுக்குப் போ. முருகேஸ்வரிய மோர் குடுக்கச் சொல்லு" என்றார்.

மோர் குடித்தும் அடங்கவில்லை. மறுநாள் பாண்டீஸ்வரன் எடுத்த படங்கள் ஃபேஸ்புக்கில் பழைய இயந்திரக்காரர்கள் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து யாரோ தூக்கி 'பழைய படகுப் பிரியர்கள்' என்ற வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். பாண்டீஸ்வரனையும் சேர்த்துக்கொண்ட பிறகு அந்தக் குழுவில் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தெட்டுப் பேர் காலை வணக்கம் சொல்லிப் பூப்படம் அனுப்புவதோடு சரி. மீதி மூன்று பேரில் ஒருவர் பாலக்காட்டுக் கல்பாத்தி ஜானகியம்மாள், குழுவின் அட்மின். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் அப்பா கொச்சியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே வீணாகப் போன படகு கேட்டலாகுகளைக் கொண்டுவந்து மகளின் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போடுவாராம். பாடத்தைவிட அட்டையை அந்தம்மாள் நன்றாகப் படித்துவிட்டார். இதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை, காரில் ஏறினாலே வாந்தி.

அன்று மத்தியானமே கூப்பிட்டார். "ஏன் சார், அந்த மூக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கோ. ஒரு பித்தளைத் தகடு இருக்கணுமாக்கும்."

சுரண்டினார், இருந்தது. பெல்ட்டன் அண்ட் சன்ஸ், எண் 7.

"பன்னெண்டே பன்னெண்டு படகுதான் பண்ணினான், கேட்டேளா" என்றார் போனில் ஜானகியம்மாள். "என் ஏழாங்கிளாஸ் பூகோளப் புஸ்தகத்துக்கு அந்தப் படம்தான் அட்டை. அதைப் போய் சுவாமிக்குக் கூரையா வெச்சிருக்கேளே, நன்னா இருப்பேள் நீங்கள்ளாம்."

எஸ்டேட் ஏரியில் தாராக்கோழி, அதாவது காட்டு வாத்து, சுட ஒரு துரை கொண்டுவந்த படகாக இருக்கும் என்று பழைய ஆட்கள் யோசித்துச் சொன்னார்கள். அவர் எஞ்சினை விற்றுவிட்டுச் சீமைக்குப் போயிருக்க வேண்டும். கிடந்த படகை யாரோ ஒரு கங்காணி மாடசாமி தலையில் கவிழ்த்துவிட்டார். ஆகப் படகு உண்டு, எஞ்சின் கிடையாது. அதற்குத்தான் செங்கோட்டையன் வந்து சேர்ந்தார்.

செங்கோட்டையன் குழுவின் இன்னொரு உருப்படி. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். அந்தப் பக்கம் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒருத்தருக்கு மோட்டார் படகின் மேல் பைத்தியம் பிடித்தது எப்படி என்றால், அவர் தாத்தா கிணற்றில் இறைக்க ஏலத்தில் ஒரு எஞ்சின் எடுத்திருந்தார். அது படகு எஞ்சின் என்று யாருக்கும் தெரியாது. கிணறு வற்றி, ஆழ்குழாய் போட்ட பிறகும் பேரன் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். அதிலும் ஒரு தகடு. பெல்ட்டன் அண்ட் சன்ஸ், எண் 9.

"எஞ்சினுக்குப் படகு தேடி நான் ஆலப்புழை வரைக்கும் போயிட்டு வந்துட்டனுங்க. அது சாமி தலைமேல இருக்கும்னு யாருக்குங்க தெரியும்?" என்று கேட்டபடி ஒரு பிக்கப் வண்டியில் எஞ்சினோடு ஊசிக்கல் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட். ஊரிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தாராம்.

வந்தவர் முதலில் செய்த காரியம், லயத்துப் பொதுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததைப் போய் இறுக்கி மூடியது. பிறகு முருகேஸ்வரி அரிசி களைய இந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவள் குழாயையும் மூடினார். அவள் திறந்தாள். அவர் பேசிக்கொண்டே மறுபடியும் மூடினார்.

"அண்ணே, நான் களைஞ்சுக்கிட்டிருக்கேன்."

"மன்னிக்கோணுமுங்க. திறந்த பைப்பைப் பாத்தா என்ற கை நிக்காதுங்க."

படகை இறக்க மாடசாமி சம்மதிக்க வேண்டும். ஊர் கூடியது. மூக்கம்மாள் ஒரே போடாகப் போட்டார்: "எங்கப்பன் காலத்துலருந்து சாமிக்கு நெழல் குடுத்தது. இவன் கழத்துவான், மாட்டுவானா? நம்ம மாடசாமி எட்டு வருசம் தார்ப்பாய்க்குள்ள ஒக்காந்திருக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். சொன்னது நிஜம் என்பதால் பாண்டீஸ்வரனும் சிரித்து வைத்தார்.

பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், ஒரு குழந்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். பொட்டலம் கட்டியவர் பூசாரி கருத்தப்பாண்டி. அவர் ஆறடி உயரம், கூரை அஞ்சடி. முப்பது வருஷமாக ஒவ்வொரு பூசைக்கும் அந்தப் படகில் தலை இடித்து, நெற்றிக்கு மேல் ஒரு எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்தே போய்விட்டது. குழந்தை எடுத்தது வெள்ளை. மீந்த பொட்டலத்தைப் பூசாரி அவசரமாக இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குள் என்ன பூ என்று யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

மூக்கம்மாள் அப்போதும் விடவில்லை. "அப்பச் சத்தியம் பண்ணட்டும்."

பாண்டீஸ்வரன் கற்பூரத்தை அடித்தார். "சித்திரைக் கொடையன்னைக்கு இந்தப் படகு ஏரியில இந்தக் கரையிலருந்து அந்தக் கரைக்குத் தானா ஓடும். ஓடலைன்னா பழையபடி கவுத்து வச்சிடறேன். அதுக்கப்புறம் ஃபேக்டரிக்கு வெளிய ஸ்பேனரைத் தொட மாட்டேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முருகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொத சவாரி சாமிக்கு. முன் சீட்டு" என்றார் மூக்கம்மாள்.

மாடசாமிக்கு நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். படகு லயத்துப் பின்பக்கக் கொட்டகைக்கு வந்தது. எட்டு மாசம் வேலை நடந்தது. அத்தனை நாளும் மூக்கம்மாள் வெற்றிலைப் பெட்டியோடு வந்து ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உதவிக்கு அல்ல, காவலுக்கு. சாமி சொத்தில் ஒரு திருகு காணாமல் போகக்கூடாதே. கழற்றுகிற ஒவ்வொன்றையும் எண்ணி ஒரு முறத்தில் வைப்பார். "இது என்னது?" என்பார். பாண்டீஸ்வரன் சொல்வார். "எதுக்கு?" என்பார். அதையும் சொல்வார். மாட்டும்போது முறத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, "ஒண்ணு மிஞ்சுது பாரு" என்பார். புதிதாக ஒரு யோசனை வந்து பாண்டீஸ்வரன் வண்டிப்பெரியார் கிளம்பினால், "மொதல்ல கையில இருக்கிறத மாட்டிட்டுப் போ" என்று கால் நீட்டி வழியை மறிப்பார். இந்த அம்மாள் தொலைய மாட்டாளா என்று பாண்டீஸ்வரன் மாடசாமியிடமே வேண்டியிருக்கிறார்.

மாசத்துக்கு ஒரு தடவை செங்கோட்டையன் வந்து எஞ்சினைச் சுழற்றிவிட்டுப் போவார். போகிற வழியிலுள்ள குழாயையெல்லாம் மூடிவிட்டுத்தான் போவார். ஜானகியம்மாள் தினமும் போனில் அளவு சொல்லுவார். "முக்கால் அங்குலம், கேட்டேளா, தோராயமா எல்லாம் வேண்டாம்." மரம் என்னவோ கல் மாதிரி இருந்தது. அறுபது வருஷம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மரம் எப்படி மக்கும்? குழுவில் இந்தச் செய்தியைப் போட்டதும் காலை வணக்கக்காரர் ஒருவர் முதல் தடவையாக வாய் திறந்து, எந்தக் கடை நல்லெண்ணெய் என்று கேட்டார்.

சித்திரைக் கொடை வந்தது. ஒரு வாரம் முன்பே படகை ஏரியில் ஊறவிட்டிருந்தார்கள். பலகை உப்பி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ள வேண்டுமாம், டீச்சர் உத்தரவு. அது மிதந்த இடத்தைச் சுற்றி ஏரியே பளபளவென்று எண்ணெய் பூத்துக் கிடந்தது. கரையெல்லாம் பொங்கல் வாசனை. மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. மேனேஜர் ஏரியில் விடச் சம்மதித்திருந்தார், ஆனால் ஏறுகிற ஒவ்வொருத்தரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். செங்கோட்டையனிடம் ஆறு இருந்தன.

"சாமிக்கு எதுக்குப்பா இது?" என்றார் மூக்கம்மாள். சிவப்புப் பட்டு, கழுத்து நிறைய அரளி மாலை, கையில் மாடனின் வேல்கம்பு.

"மேனேஜர் சொல்லிட்டாருக்கா. ஏறுற எல்லாரும்னு சொல்லிட்டாரு."

மாலையைக் கழற்றி, ஜாக்கெட்டை மாட்டி, அதன் மேல் மாலையைப் போட்டு, சாமி முன் சீட்டில் உட்கார்ந்தது. பக்கத்தில் பூசாரி உடுக்கையோடு. பின்னால் எஞ்சினுக்கு அருகில் பாண்டீஸ்வரன், செங்கோட்டையன். படகின் மூக்கில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய போனுக்குள் ஜானகியம்மாள், வீடியோவில். அது வெறும் போன்தான் என்றாலும் அந்தம்மாள் கல்பாத்தியில் மடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், வாந்தி வந்தால் மோந்து பார்க்க.

கரையில் ஊசிக்கல் எஸ்டேட் முழுக்க நின்றது. முருகேஸ்வரி மட்டும் தண்ணீருக்குள் கணுக்கால் வரை இறங்கி நின்றாள். பாண்டீஸ்வரன் பெட்ரோல் டேப்பைத் திறந்தார், மாடசாமியைக் கும்பிட்டார், கைப்பிடியைச் சுழற்றினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. படகு கரையை விட்டு நகர்ந்தது. சனம் குலவையிட்டது. பாண்டீஸ்வரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கரை அரை கிலோமீட்டர் கூட இல்லை, அங்கே நின்ற கொடிக்கம்பம் கண்ணுக்குத் தெரிந்தது.

சரியாக நடு ஏரியில் எஞ்சின் ரெண்டு தடவை இருமியது. நின்றது.

படகு இன்னும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போய் அதுவும் நின்றது. கரையில் கொட்டு நின்றது. அந்த அமைதியில் யாரோ ஒருத்தர், "பாதி" என்றார். அது கையிலிருந்து கைக்குப் போகிற பிரசாதம் மாதிரி கரை முழுக்கப் போனது. பாதி, பாதி, பாதி.

"என்னாச்சு?" என்றது மூக்கிலிருந்த போன். "படம் அப்படியே நின்னுடுத்தே. நெட் போயிடுத்தா?"

"நெட் இருக்குதுங்க டீச்சர். நாங்கதானுங்க நின்னுட்டோம்" என்றார் செங்கோட்டையன்.

சத்தியம், கற்பூரம், எட்டு மாசம், எல்லாம் இந்தத் தண்ணீரில் போயிற்று. பாண்டீஸ்வரனின் கை தானாகப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கார்புரேட்டரின் முதல் திருகில் ஸ்பேனரை வைத்தார்.

கரையிலிருந்து முருகேஸ்வரி கத்தியது வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும். "கழத்தாதீங்க!"

ஸ்பேனர் அப்படியே நின்றது. அதே நொடியில் முன் சீட்டில் இருந்து "ஏஏய்" என்று ஒரு உறுமல். மூக்கம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. செங்கோட்டையன் தன் ஜாக்கெட்டைத் தானே கட்டிப் பிடித்துக்கொண்டார். போனுக்குள் ஜானகியம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்குக்குக் கொண்டுபோனார்.

கருத்தப்பாண்டி உடுக்கையை அடித்தார். "சாமி, என்ன கொறை வச்சோம்? சொல்லும் சாமி. பூசையில கொறையா? படையல்ல கொறையா?"

மாடசாமி வேல்கம்பை ஓங்கிப் படகின் பின்பக்கத்தைக் காட்டியது. "பெட்ரோல் டேப்பை எவன்டா அடைச்சான்?"

பூசாரியின் உடுக்கை நின்றுவிட்டது. பாண்டீஸ்வரன் திரும்பிப் பார்த்தார். தான் திறந்து வைத்த டேப் இறுக்கி மூடிக் கிடந்தது. கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் பாதி ஏரி வந்திருக்கிறார்கள்.

செங்கோட்டையன் தன் வலது கையை, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தார். "ஏனுங்க" என்றார் மெதுவாக. "நானுங்க. திறந்து கிடந்துச்சுங்களா, எனக்கே தெரியாம…" மேற்கொண்டு பேச முடியாமல் சாமி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "என்ற கைய மன்னிச்சுருங்க சாமி."

"அவனக் கைய மடக்கி ஒக்காரச் சொல்லு" என்றது மாடசாமி.

செங்கோட்டையன் ரெண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். பாண்டீஸ்வரன் டேப்பைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, கைப்பிடியைச் சுழற்றினார். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்தது, படகு போனது, கொடிக்கம்பம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தக் கரையில் படகின் மூக்கு தட்டியபோது இந்தக் கரையில் எழுந்த குலவையில் தாராக்கோழிகள் கூட்டமாகப் பறந்தன. பாண்டீஸ்வரன் இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அருள் இறங்குவதற்குள் பூசாரி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். "சாமி, சொன்ன வாக்குப்படி ஓட்டிட்டான். படகு உமக்கா, இவனுக்கா?" தன் நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டேதான் கேட்டார்.

மாடசாமி யோசித்தது. சாமி யோசித்து ஊசிக்கல்லில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. "மழைக்கு ஆறு மாசம் எனக்குக் கூரை. வெயிலுக்கு ஆறு மாசம் அவனுக்குப் படகு. கூரைய ரெண்டடி ஒசத்தி வையி, என் பூசாரி மண்டை ஒடையுது."

எட்டு மாசம் பாடுபட்டுக் கடைசியில் கிடைத்ததும் பாதிதான். லயத்தில் இப்போதும் அவர் பாதி பாண்டிதான். ஆனால் அதைச் சொல்லும்போது கொஞ்சம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொல்கிறார்கள். கொடை முடிந்த வாரமே முருகேஸ்வரி மிக்ஸியை எடுத்து மேசையில் வைத்தாள், ஒரு முறத்தையும் பக்கத்தில் வைத்தாள். மிக்ஸி இப்போது சட்னி அரைக்கிறது.

வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு முன்னால் படகைத் திரும்பத் தூண்மேல் ஏற்றுகிற நாள் வந்தது. எஞ்சினை இறக்கிக்கொண்டிருந்தார் பாண்டீஸ்வரன். மூக்கம்மாள் வழக்கம்போல் தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைப் பாண்டீஸ்வரன் கேட்டுவிட்டார்.

"அக்கா, அன்னைக்கு டேப் மூடியிருந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? படகு நின்னிருந்தா கூரை உங்களுக்குத்தான வந்திருக்கும்?"

"எனக்கென்னப்பா தெரியும்? சாமி சொல்லுச்சு. நான் எங்க இருந்தேன் அப்ப" என்றார் மூக்கம்மாள். சொல்லிவிட்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா அந்தக் கார்புரேட்டர்ல ஊசி இன்னும் லேசா ஒட்டுது. வேகம் குறைக்கயில ஒரு விக்கல் வருது பாரு."

"இதுவும் சாமி சொன்னதாக்கா?"

"இல்ல. இது நான் சொல்றேன்."

பாண்டீஸ்வரன் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். படகுப் பிரியரைக் கல்பாத்தியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் போனில் தேடிப் பிடித்த மனுஷன், எட்டு மாசம் பக்கத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தவரைக் கவனிக்கவில்லை. ஸ்பேனரை நீட்டினார். மூக்கம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, சேலையில் கையைத் துடைத்துவிட்டு, வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஜானகியம்மாள் அவரைக் குழுவில் முப்பத்திரண்டாவது ஆளாகச் சேர்த்தார். சேர்ந்த கையோடு மூக்கம்மாள் ஒரு ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்.